பாலாவியில் திரும்பாத கோச்சி

கொழும்பிலிருந்து புத்தளம் வரும் கோச்சியில் ஏறினால் கடைசிப் பக்கத்து ஸ்டேஷன் பெயர்களே ஒரு பாட்டுப் போல இருக்கும். மதுரங்குளி, எருக்கலம்பெண்டு, பாலாவி, தில்லையடி, புத்தளம். கற்பிட்டிக்குப் போறவர்கள் பாலாவியில் இறங்கணும். அங்கிருந்து கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர் பஸ். கோச்சி எங்கள் பக்கம் திரும்பாது. நூறு வருடமாகத் திரும்பியதில்லை. சின்ன வயசில் இது எனக்கு ஒரு கேள்வியாகவே தெரியவில்லை; மழை போல, வெயில் போல அது இருந்தது. கம்பஸ் வந்து வரலாறு படிக்கத் தொடங்கிய பிறகுதான், ஒரு பாதை எங்கே போகிறது என்பதை யாரோ ஒருவர் மேசையில் வரைபடத்தை வைத்து முடிவு செய்திருப்பார் என்பது மண்டையில் ஏறியது. யார், எதற்காக என்று தேடப் போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் இலங்கையின் மேற்குக் கரையில் புத்தளத்துக்கு எதிரே ஒரு விரல் வடக்கு நோக்கி நீண்டிருக்கும். அதுதான் கற்பிட்டிக் குடாநாடு. விரலுக்கு ஒரு பக்கம் பெருங்கடல், மறு பக்கம் புத்தளம் களப்பு, ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர். பார்க்கக் கடல் மாதிரி விரிந்து கிடக்கும், ஆனால் ஆழம் குறைவு, பல இடங்களில் ஒரு ஆள் உயரம்கூட வராது. இந்த "ஆழம் குறைவு" என்ற விஷயத்தை மறந்துவிடாதீர்கள். இந்த ஊரின் முக்கால்வாசி வரலாறு அதற்குள்தான் இருக்கிறது.

1344இல் இப்னு பதூதா இந்தக் கரையில் வந்து இறங்கினார். அவர் "பத்தாலா" என்று எழுதியது புத்தளத்தைத்தான் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அங்கே அவரை வரவேற்றது ஆரியச் சக்கரவர்த்தி. கரையோரத்தில் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததையும், மலபார்ப் பக்கத்து ஆட்கள் வந்து அவற்றை எடுத்துப் போனதையும், பதிலுக்கு அரசனுக்குத் துணிமணிகள் கொடுத்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு இதில் பிடித்த விஷயம் என்னவென்றால், அந்தக் காலத்தில் இந்தக் கரை எதற்கும் "கடைசி ஸ்டேஷன்" இல்லை. தென்னிந்தியாவிலிருந்து வருபவனுக்கு இதுதான் வாசல். இன்றைக்குப் புத்தளம் என்றால் "தூரம்" என்று கொழும்புக்காரர் சொல்வது, கொழும்பிலிருந்து அளந்து பார்க்கப் பழகியதால் வந்தது.

வாசலை முதலில் பூட்டியவர்கள் ஒல்லாந்தர். போர்த்துக்கேயரிடமிருந்து கற்பிட்டியைப் பிடித்துக்கொண்டு, 1667இல் கோட்டை கட்டத் தொடங்கி 1676இல் முடித்தார்கள். பவளக்கல்லும் சுண்ணக்கல்லும் வைத்துக் கட்டிய சின்னக் கோட்டை. காலியையோ யாழ்ப்பாணத்தையோ பார்த்தவர்களுக்கு இது ஒரு பெரிய வீடு மாதிரித்தான் தெரியும். ஆனால் அது இருக்கும் இடம்தான் விஷயம். களப்பின் வாயில் உட்கார்ந்துகொண்டால் உள்ளே புத்தளத்துக்குப் போகும் ஒவ்வொரு வள்ளத்தையும் பார்க்கலாம். புத்தளம் அப்போது கண்டி அரசின் கடல் வழி. மலைநாட்டிலிருந்து பாக்கு இறங்கும், கரையிலிருந்து உப்பும் துணியும் கருவாடும் ஏறும். பீரங்கியை உள்நாட்டுக்குள் இழுத்துப் போய்ச் சண்டை பிடிப்பதைவிட, உப்புப் போகும் வழியில் காவல் போடுவது மலிவு. மலைக்குள் இருக்கும் ராச்சியம் எத்தனை வருடம் வேண்டுமானாலும் காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடலாம், உப்பில்லாமல் சாப்பிட முடியாதில்லையா.

1766இல் கண்டியும் ஒல்லாந்தரும் செய்த உடன்படிக்கையில் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தருக்குப் போனது. அதற்குள்ளும் கண்டி மக்கள் சிலாபம், புத்தளம் பக்கத்து உப்பளங்களில் உப்பு எடுக்கலாம் என்று ஒரு சலுகை இருந்தது. தனது சொந்தக் கரையில் உப்பு அள்ள ஒரு அரசனுக்கு எழுத்தில் அனுமதி தேவைப்பட்டது. பாடசாலைப் புத்தகத்தில் இந்த உடன்படிக்கையை ஒரு வரியில் கடந்துவிடுவோம். களப்போரத்தில் உப்புப் பாத்தியைப் பார்த்து வளர்ந்த ஒருத்தருக்கு அது ஒரு வரி விஷயமில்லை.

ஒல்லாந்தர் இன்னொன்றும் செய்தார்கள். கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம், முந்தல் என்று களப்புகளையும் ஓடைகளையும் வாய்க்கால் வெட்டி இணைத்து, புத்தளம் களப்பு வரைக்கும் ஒரு உள்நாட்டு நீர்வழி. ஆங்கிலேயர் வந்த பிறகு அதன் தெற்குப் பக்கத்தை இன்னும் வெட்டினார்கள். 1802க்கும் 1804க்கும் இடையில் வெட்டிய பகுதிக்கு ஹமில்டன் கால்வாய் என்று பெயர். ஆழம் குறைந்த நீருக்கு ஏற்ற தட்டையடி வள்ளங்கள் கறுவா, உப்பு, கொப்பரா எல்லாம் ஏற்றிக்கொண்டு இதில் போய் வந்தன. யோசித்துப் பாருங்கள், அந்தக் காலத்தில் கற்பிட்டியில் ஏறிய சரக்கு தரையில் கால் வைக்காமலே கொழும்பு போகும். இன்றைக்கு வெங்காயம் ஏற்றும் லொறிக்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

இந்த நீர்வழிக் காலத்தில்தான் கற்பிட்டி ஒரு பெரிய ஆளைப் பெற்றது. சைமன் காசிச்செட்டி, 1807இல் இங்கே பிறந்தவர். 1834இல் இலங்கையின் ஊர்கள், ஆறுகள், கோயில்கள் எல்லாவற்றையும் அகரவரிசையில் தொகுத்து ஆங்கிலத்தில் "சிலோன் கெசற்றியர்" என்ற நூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. (நான் இன்னும் என் டிஸர்ட்டேஷன் தலைப்பையே முடிவு செய்யவில்லை.) 1859இல் "தமிழ் புளூட்டாக்" என்ற தமிழ்ப் புலவர் வரலாற்றை வெளியிட்டார். சட்டநிரூபண சபையில் உறுப்பினராக இருந்தார், பிறகு நீதிபதியானார். கற்பிட்டிச் சோனகர் பற்றியும் முக்குவர் பற்றியும் எழுதியிருக்கிறார். ஒரு ஓரத்து ஊரிலிருந்து முழு நாட்டையும் எழுத ஒருத்தர் கிளம்பியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. துறைமுகத்தில் வளர்ந்தவனுக்குத்தான் மற்ற ஊர்களின் பெயர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

பிறகு றோட்டும் இரும்புப் பாதையும் வந்தன, நீர்வழி செத்தது. நீர்கொழும்புக்கு 1909இல் கோச்சி வந்தது, சிலாபத்துக்கு 1916இல், புத்தளத்துக்கு 1926இல். பாதை போன வழியைப் பார்த்தால் யாருக்காக என்பது தெரியும்: தெங்கு முக்கோணம் என்று சொல்லும் தென்னந்தோட்டப் பகுதியை ஒட்டியே அது வடக்கே ஏறுகிறது. தேங்காயும் கொப்பராவும் எங்கே குறைந்தனவோ அதோடு பாதையும் கிட்டத்தட்ட நின்றது. களப்புக்கு அப்பால் ஒரு மீன்பிடி ஊர், ஒரு பழைய கோட்டை, மணல் திட்டி. அங்கே திருப்ப என்ன காரணம்? களப்பு ஆழமில்லாததால் பெரிய நீராவிக் கப்பல்களும் உள்ளே வராது. அந்தச் சில பத்தாண்டுகளில் கற்பிட்டி துறைமுகம் என்ற நிலையிலிருந்து "உள்ளுக்குள் இருக்கும் ஊர்" என்ற நிலைக்கு வந்துவிட்டது. ஊர் நகரவில்லை. பாதைதான் நகர்ந்தது.

இந்த இடத்தில் நோர்வே பக்கம் ஒரு எட்டுப் போய்விட்டு வருவோம். நோர்வே என்றால் நமக்குச் சமாதானப் பேச்சுவார்த்தையும் சொந்தக்காரர் வீட்டுப் பனிப் படமும்தான் ஞாபகம் வரும். அங்கே மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்திருக்கும் இடங்களை ஃபியோர்ட் என்பார்கள். அப்படி ஒன்றின் கடைசி முனையில் ஒட்டா என்று ஒரு சின்ன ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் வந்து பனிமலை பார்த்துப் போன சுற்றுலா ஊர். பக்கத்து நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுக்கலாம் என்று ஆனதும், 1908இல் கார்பைட் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது, பிறகு துத்தநாக ஆலையும் வந்தது. ஃபியோர்ட் பல நூறு மீற்றர் ஆழம். அதனால் கப்பல் நேராக ஆலையின் படிக்கட்டுக்கே வந்து நிற்கும். மூலப்பொருள் இறங்கும், சரக்கு ஏறும். ரயில் இல்லாமலே ஒட்டா உலகச் சந்தையோடு ஒட்டிக்கொண்டது. விலையும் கொடுத்தது: அந்த ஃபியோர்ட்டின் அடிச்சேற்றில் படிந்த பார உலோகங்கள் பல வருடம் பேசுபொருளாக இருந்தன. கார்பைட் ஆலை 2003இல் மூடப்பட்டது. இன்று மறுபடி சுற்றுலாக்காரர் மலையேற வருகிறார்கள்.

நமக்கும் ஒட்டாவுக்கும் உள்ள வித்தியாசம் நீரின் ஆழம் மட்டும் என்று சொன்னால் அது மிகைதான். ஆனால் அதிலிருந்து தொடங்கலாம். எங்கள் களப்பில் கப்பல் வராது. அதனால் இங்கே தொழிற்சாலை வந்தபோது அது கற்பிட்டியில் வரவில்லை, கோச்சிப் பாதை ஓரத்தில் பாலாவியில் வந்தது.

புத்தளம் சீமெந்து ஆலை 1970இல் தொடங்கியது. அதற்குத் தேவையான சுண்ணக்கல் புத்தளத்துக்கு வடக்கே அறுவாக்காட்டில் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டும்போது தெரியும் அதே மயோசீன் காலச் சுண்ணக்கல்தான், மேற்குக் கரையோரமாக இங்கே வரைக்கும் வந்து முடிகிறது. சுரங்கத்திலிருந்து ஆலைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் இரும்புப் பாதை. கவனித்தீர்களா? அதே 40 கிலோமீற்றர். மனுசரைக் கற்பிட்டிக்கு ஏற்றிப் போகக் கிடைக்காத தண்டவாளம் கல்லுக்குக் கிடைத்தது. சுண்ணக்கல் கோச்சி புத்தளம் ஊரைக் கடந்து போகும்போது வெள்ளைத் தூசி பறக்கும். யாருக்கும் அதில் ஏறவும் முடியாது. 1990இல் யுத்தத்தில் காங்கேசன்துறை ஆலை நின்றுபோனது. நாட்டில் சுண்ணக்கல்லிலிருந்து தொடங்கிச் சீமெந்து வரை செய்யும் பொறுப்பு முழுக்கப் புத்தளத்தின் தலையில் விழுந்தது. தொண்ணூறுகளில் ஆலை தனியார்மயமாகி, கைமாறி, ஹொல்சிம் ஆகி, 2016இல் தாய்லாந்துக் கம்பனி ஒன்றிடம் போய், இன்று இன்சி என்ற பெயரில் ஓடுகிறது. கொழும்பில் எழும்பும் தொடர்மாடிகளில் அறுவாக்காட்டின் ஒரு துண்டு இருக்கிறது.

1990 என்று சொன்னேன். அந்த வருடத்தை ஆலைக் கணக்கோடு கடக்க முடியாது.

அந்த ஒக்டோபர் மாதக் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள், சில நாட்களுக்குள், சில இடங்களில் சில மணி நேரத்துக்குள். யாழ்ப்பாணத்தவர் நடந்தும் லொறியிலும் வவுனியாப் பக்கம் வந்தார்கள். மன்னார்த் தீவு மக்களில் பெரும்பகுதியினர் வள்ளங்களில் கடல் வழியாக வந்து கற்பிட்டியில் இறங்கினார்கள். இப்னு பதூதா காலத்து வாசல், ஒல்லாந்தர் பூட்டிய வாசல், கோச்சி வராததால் மறந்துபோன வாசல், அந்த வாரம் திறந்துகொண்டது. சரக்குக்கு வேண்டாம் என்று கைவிட்ட துறைக்கு, போக இடமில்லாத மனுசர் வந்து சேர்ந்தார்கள். எங்கள் உம்மம்மா அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது அரசியல் எதுவும் சொல்லமாட்டார். எத்தனை பானை சோறு, யார் வீட்டுக் கிணறு இறைத்தது, நனைந்த பிள்ளைகளுக்கு யாருடைய உடுப்புக் கொடுத்தது என்பதுதான் அவருடைய வரலாறு. ஒரு சில கிழமைக்குத் திறந்த பள்ளிக்கூடங்களும் தென்னந்தோப்புகளும் முகாம்களாகி, முகாம்கள் பாலாவி – கற்பிட்டி வீதியின் இரண்டு பக்கமும் ஊர்களாகிவிட்டன. இன்றைக்கு அந்த பஸ்ஸில் ஏறினால் ஜன்னலுக்கு வெளியே தெரியும் பல குடியிருப்புகளின் பிறந்த வருடம் 1990தான். ஊர்க்காரர், வந்தவர் என்ற பேச்சும் இல்லாமல் இல்லை. தண்ணி, காணி, பள்ளிக்கூட அனுமதி, வேலை எல்லாவற்றிலும் உரசல் இருந்தது. விருந்தோம்பலை மட்டும் எழுதி அதை மறைத்தால் நான் பொய் சொல்கிறேன்.

அதே வீதியில்தான் நுரைச்சோலை. 2006இல் அனல் மின் நிலைய வேலை தொடங்கியது. அதற்கு முன்பே பல வருடம் இழுபறி. பக்கத்தில் தலவில புனித அன்னம்மாள் தேவாலயம் இருப்பதால் கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது. முதல் அலகு 2011 மார்ச்சில் திறக்கப்பட்டது. 300 மெகாவோட் கொண்ட மூன்று அலகுகள், மொத்தம் 900. 2014இல் முழுத் திட்டமும் முடிந்ததைத் திறக்கச் சீன ஜனாதிபதி வந்திருந்தார். சீனக் கடன், சீனக் கம்பனி, வெளிநாட்டு நிலக்கரி. இங்கேயும் ஆழம் குறைவுதான் பிரச்சினை. நிலக்கரிக் கப்பல் கரைக்கு வர முடியாது, தூரத்தில் நங்கூரம் போடும். பாதைப் படகுகளில் மாற்றி ஏற்றித்தான் கரைக்குக் கொண்டு வரணும். தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அதுவும் முடியாது. அதனால் செப்டெம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் கொண்டுவந்து, வருடம் முழுக்க எரிக்க மலை மலையாகக் குவித்து வைக்கிறார்கள். காற்று அடிக்கும் மாதமும் அதுதான். கரித்தூள் எங்கே போகும் என்று சுற்றியுள்ள ஊர்களில் துணி காயப்போடும் பெண்களைக் கேட்டால் தெரியும்.

மின்சாரம் 220 கிலோவோல்ட் கம்பியில் வேயங்கொடைக்குப் போகிறது. சில வருடங்களில் நாட்டின் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இங்கிருந்து வந்திருக்கிறது. 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு உப மின் நிலையத்துக்குள் பாய்ந்து நாடே இருண்டது ஞாபகமிருக்கும். அந்த அதிர்ச்சியில் நுரைச்சோலையும் நின்றுபோய், மீண்டும் ஓடத் தொடங்கும் வரை நாடு முழுக்க மின்வெட்டு. கொழும்பு நண்பர் ஒருத்தர் "உங்க ஊர்தானே கரண்ட் செய்யுது, உங்களுக்குமா கட்?" என்று கேட்டார். ஆமாம், எங்களுக்கும்தான்.

இப்படி ஏறிப் போகும் பொருட்களைச் சொல்லிக்கொண்டே வந்தால் ஒரு நாள் எதிர்த் திசையிலும் ஏதாவது வரணுமே. வந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கொழும்புக் குப்பையை எங்கே போடுவது? அறுவாக்காட்டில் சுண்ணக்கல் தோண்டிய பள்ளங்கள் இருக்கின்றன, அங்கே போக இரும்புப் பாதையும் இருக்கிறது. திட்டம், களனியில் குப்பையைப் பெட்டிகளில் அடைத்துக் கோச்சியில் அனுப்புவது. ஆலைக்காகப் போட்ட பாதை இன்னொரு பயனைக் கண்டுபிடித்துக்கொண்டது. 2018இல் புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் வீதியில் இருந்தார்கள். முஸ்லிம், சிங்களவர், தமிழர், பள்ளிவாசல், தேவாலயம், பன்சலை எல்லாம் ஒரே கூடாரத்தில். புத்தளத்தில் அப்படி ஒரு காட்சி அடிக்கடி கிடைக்காது. 2019 ஓகஸ்டில் குப்பை வந்தே விட்டது, கோச்சியில் அல்ல, லொறிகளில். பொறியியல் ரீதியில் அது ஒழுங்கான நிலநிரப்பு என்று சொல்பவர்களின் வாதத்தை நான் படித்திருக்கிறேன். மீதொட்டமுல்லையைப் போல வீடுகளுக்கு நடுவே குவிப்பதைவிட இது மேல் என்பதும் உண்மைதான். எனக்கு உறுத்துவது, இடம் தெரிவு செய்யும்போது "அங்கே ஏற்கனவே தண்டவாளம் இருக்கே" என்பதே ஒரு நியாயமாக நின்றது. அந்தத் தண்டவாளம் யாரைக் கேட்டுப் போட்டார்கள்?

சுற்றுலா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதற்குத் தனிக் கட்டுரையே வேணும். யுத்தம் முடிந்ததும் 14 தீவுகளைச் சேர்த்துப் பெரிய சுற்றுலா வலயம் என்றார்கள். டொல்பின் பார்க்கவும் பட்டம் கட்டிய பலகையில் கடலில் சறுக்கவும் வெளிநாட்டவர் வருகிறார்கள். சில தீவுகளில் மீனவர் வாடிக்குப் போகும் வழிக்கு வேலி வந்தது.

கடைசியாக வடக்கே போகும் பாதை. புத்தளத்திலிருந்து எலுவன்குளம், வில்பத்து வழியாக மன்னாருக்கு ஒரு பழைய வீதி உண்டு. யுத்தகாலத்தில் மூடிக் கிடந்தது, பிறகு திறந்தது. காட்டுக்குள் போகும் வீதி என்பதால் சூழலியல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. நான் இதில் ஒரு பக்கம் நின்று எழுத முடியாமல் தவிக்கிறேன். வில்பத்து இந்த நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா, நடுவே பஸ் ஓடுவதன் சேதம் சின்னதில்லை. ஆனால் அந்த வீதி இல்லையென்றால் மன்னாருக்குப் போக அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்றணும். 1990இல் வள்ளத்தில் வந்தவர்களுக்கு மன்னாரில் காணி இருக்கிறது, மையவாடியில் பெற்றோர் இருக்கிறார்கள், பலருக்கு வாக்கும் அங்கேதான் இருந்தது. 2019 ஜனாதிபதித் தேர்தல் நாள் விடியற்காலையில், புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன பஸ் வரிசை மீது தந்திரிமலைப் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்தது. யாருக்கும் காயமில்லை. அவர்கள் போய் வாக்களித்துவிட்டு வந்தார்கள்.

எலுவன்குளத்தில் கலா ஓயாவுக்கு மேல் இருப்பது ஒரு சப்பாத்துப் பாலம். மழை பெய்து ஆறு பெருகினால் அது தண்ணிக்குள் போய்விடும், அன்றைக்கு வடக்கே பாதை இல்லை. போன தடவை நான் அங்கே நின்றபோது தண்ணி பாலத்தின் மட்டத்துக்கு நாலு விரல் கீழே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மோட்டர் சைக்கிள்களும் ஒரு மீன் லொறியும் போகலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டு நின்றன. லொறிதான் முதலில் இறங்கியது.